உச்சியில் உதிரும் குழாய்

முப்பது நாற்பது ஆண்டுகள் மண்ணுக்குள் கிடந்த கான்கிரீட் கழிவுநீர்க் குழாய் ஒன்றைத் தோண்டி எடுத்தால், பலரும் எதிர்பார்க்காத ஒன்று கண்ணில் படும். இரவு பகலாகச் சாக்கடை ஓடிய அடிப்பாகம் உறுதியாக இருக்கும். சுத்தியால் தட்டினால் கணீரென்று ஒலிக்கும். சாக்கடை தொட்டே பார்க்காத மேற்பாகமோ, விரலால் சுரண்டினாலே வெள்ளை மாவாக உதிரும். கம்பி வெளியே தெரியும். சில இடங்களில் குழாய்க்கு உச்சியே இருக்காது. மேலே இருந்த மண்தான் கூரையாக நின்றிருக்கும். ஒருநாள் அந்த மண்ணும் இறங்க, சாலையில் திடீர்ப் பள்ளம் விழும். மறுநாள் நாளிதழில் படம் வரும்.

கடலோர ஊர்களில் இந்தச் சிதைவு வேகமாக நடக்கிறது; புதுச்சேரியும் அப்படிப்பட்ட ஊர்தான். விழுப்புரம், திண்டிவனம் இரண்டு ஊர்க்காரர்களும் கடற்கரை என்றதும் கிளம்புவது பெரும்பாலும் புதுச்சேரிக்குத்தான். எங்கிருந்து புறப்பட்டாலும் ஏறத்தாழ 40 கி.மீ. கடற்கரைச் சாலையில் மாலை முதல் மறுநாள் காலை வரை வண்டிகள் விடப்படுவதில்லை. காந்தி சிலையையும் பழைய கலங்கரை விளக்கத்தையும் கடந்து ஆற அமர நடக்கும் கூட்டத்துக்கு, அடுத்தடுத்த தெருக்களின் அடியில் ஒரு நகரத்தின் கழிவுநீர் அமைப்பு மூப்படைந்துகொண்டிருப்பது தெரிய வாய்ப்பில்லை.

பிரெஞ்சுக்காரர்கள் விட்டுச்சென்ற புதுச்சேரியில் தெருவோரத் திறந்த வாய்க்கால்கள்தான் வடிகால். ஊரை இரண்டாகப் பிரித்து ஓடும் பெரிய வாய்க்கால் அவற்றுக்கெல்லாம் தாய். பாதாளச் சாக்கடை மிகவும் பின்னால் வந்தது. நகரின் மையமான புல்வார் வட்டத்தில் அது செயல்படத் தொடங்கி ஏறத்தாழ நாற்பது ஆண்டுகள் ஆகின்றன. அங்கு சேர்ந்த கழிவுநீர் லாஸ்பேட்டைக் கழிவுநீர்ப் பண்ணைக்குப் போனது. பிறகு ஜவஹர்லால் நேரு தேசிய நகர்ப்புறப் புதுப்பிப்புத் திட்டத்தின் காலத்தில் வலையமைப்பு விரிந்தது. லாஸ்பேட்டை, கனகன் ஏரி, துப்ராயப்பேட்டை ஆகிய மூன்று இடங்களில், நாளொன்றுக்குத் தலா 1.7 கோடி லிட்டரைச் சுத்திகரிக்கும் நிலையங்கள் அமைந்தன. நிலையங்கள் புதியவை, அவற்றுக்குக் கழிவைக் கொண்டுவரும் குழாய்களில் ஒரு பங்கு பழையவை. பெரும்பாலான இந்திய நகரங்களின் கதையும் இதுதான். சுத்திகரிப்பு நிலையத்துக்குத் திறப்பு விழா உண்டு, கல்வெட்டு உண்டு. மண்ணுக்கடியில் மாற்றிய குழாய்க்கு ரிப்பன் வெட்ட யார் வருவார்கள்?

கடற்கரை நகரம் என்றால் சாக்கடை தானாகவே கடலை நோக்கி ஓடும் என்று தோன்றும். நிலத்தின் அமைப்பு அதற்கு இடம் தருவதில்லை. சோழமண்டலக் கரையின் பெரும்பகுதியில் கடலையொட்டி ஒரு மணல்மேடு இருக்கிறது. அதற்குப் பின்னால் நிலம் தாழ்ந்து உப்பங்கழியாகவோ ஓடையாகவோ கிடக்கிறது. பக்கிங்காம் கால்வாயை வெட்டியவர்கள் இந்தப் பள்ளத்தைத்தான் பயன்படுத்திக்கொண்டார்கள். ஆகவே கடலோர ஊரின் கழிவு முதலில் பள்ளத்துக்கு இறங்கும். அங்கிருந்து மோட்டார் வைத்து ஏற்றி அனுப்பியாக வேண்டும்.

கணக்கும் அதையே சொல்கிறது. குழாயில் கசடு தங்காமல் அடித்துச் செல்லப்பட, நீர் நொடிக்கு 0.6 மீட்டர் வேகத்திலாவது ஓட வேண்டும் என்பது பொறியாளர்கள் கைக்கொள்ளும் விதி. 200 மி.மீ. குழாயில் அந்த வேகம் கிடைக்க ஏறத்தாழ 300 மீட்டருக்கு 1 மீட்டர் சரிவு தேவை. தரை சமதளமாக இருக்கும் ஊரில் 3 கி.மீ. போனால் குழாய் 10 மீட்டர் ஆழத்தில் இருக்கும். கடற்கரை மணலில் 10 மீட்டர் தோண்டுவது வேடிக்கை இல்லை. இரண்டு மூன்று மீட்டரிலேயே தண்ணீர் வந்துவிடும். அதனால்தான் இடையிடையே கழிவுநீரேற்று நிலையங்கள், அவற்றிலிருந்து புறப்படும் நீண்ட அழுத்தக் குழாய்கள்.

உச்சி உதிர்வதற்கான வினை தொடங்குவது இந்த அழுத்தக் குழாய்களில்தான்.

மோட்டார் தள்ளும் குழாய் எப்போதும் முழுக்க நிரம்பியிருக்கும். காற்றுக்கு அங்கே இடமில்லை. கழிவுநீரில் இருக்கும் கொஞ்சநஞ்ச ஆக்சிஜனையும் பாக்டீரியாக்கள் சில நிமிடங்களில் தீர்த்துவிடும். அதன் பிறகு குழாயின் உட்சுவரில் படிந்த வழவழப்பான படலத்துக்குள் வேறொரு கூட்டம் தலையெடுக்கிறது. இவற்றுக்கு ஆக்சிஜன் வேண்டாம். நீரில் கரைந்திருக்கும் சல்பேட்டைக் கொண்டே வாழ்க்கையை ஓட்டும். அப்போது கழிவாக வெளியேறுவது சல்பைடு. அழுத்தக் குழாய் ஒரு மேன்ஹோலில் முடிந்து கழிவு கொட்டும் இடத்தில், அந்தச் சல்பைடு ஹைட்ரஜன் சல்பைடு வாயுவாகக் கிளம்புகிறது. அழுகிய முட்டை நாற்றம் என்று எல்லோரும் சொல்வது இதைத்தான்.

அடுத்த கட்டம் குழாயின் மேற்புறத்தில் நடக்கிறது. வியர்த்திருக்கும் கான்கிரீட் உச்சியில் இந்த வாயு கரைய, அங்கே குடியிருக்கும் இன்னொரு பாக்டீரியா அதைக் கந்தக அமிலமாக மாற்றுகிறது. 1945இல் மெல்போர்னில் சி.டி. பார்க்கர் என்ற ஆய்வாளர் அரித்துப்போன சாக்கடைக் கான்கிரீட்டிலிருந்து இந்த நுண்ணுயிரைப் பிரித்தெடுத்துக் காட்டினார். அதுவரை வெறும் வேதி வினை என்று கருதப்பட்ட அரிப்பில் உயிரியும் பங்கெடுப்பது அப்போதுதான் உறுதியானது. புதுக் கான்கிரீட் கடும் காரத்தன்மை கொண்டது, அதன் பி.எச். அளவு 12க்கு மேல். இந்த நுண்ணுயிர்க் கூட்டம் நிலைகொண்டபின் அது 2, 1 என்று இறங்கிவிடும். அமிலம் தின்ற சிமென்ட் ஜிப்சமாக மாறும். விரலில் ஒட்டும் வெள்ளை மாவு அதுதான். நிலைமை மோசமான இடங்களில் ஆண்டுக்குச் சில மில்லிமீட்டர் கான்கிரீட் இப்படிக் கரைகிறது.

இதில் உப்பு எங்கே வருகிறது? சாதாரண வீட்டுக் கழிவுநீரில் சல்பேட் லிட்டருக்குச் சில பத்து மில்லிகிராம்தான் இருக்கும். கடல்நீரிலோ லிட்டருக்கு ஏறத்தாழ 2,700 மில்லிகிராம். கடலோரத்தில் பழைய குழாயின் இணைப்புகள் விரிசல் விட்டால், சாக்கடை வெளியே கசிவதைவிட, குழாயைச் சூழ்ந்து நிற்கும் உவர்நீர் உள்ளே புகுவதுதான் பெரும்பாலும் நடக்கிறது. பத்தில் ஒரு பங்கு கடல்நீர் கலந்தாலே சல்பேட் 270 மில்லிகிராம் ஏறிவிடும். சல்பேட்டுக்காகக் காத்திருந்த பாக்டீரியாவுக்கு அது விருந்து. விரிசல் உப்பை உள்ளே விடுகிறது, உப்பு வாயுவைப் பெருக்குகிறது, வாயு குழாயை அரித்து விரிசலைக் கூட்டுகிறது. வெப்பமும் கைகொடுக்கிறது. ஐரோப்பாவின் குளிரில் மந்தமாக நடக்கும் இந்த வினை, 30 பாகை செல்சியஸ் கழிவுநீரில் பல மடங்கு சுறுசுறுப்பாக நடக்கும். லண்டனின் குழாய் ஆயுளை வைத்துப் புதுச்சேரிக்கோ கடலூருக்கோ கணக்குப் போட்டால் தவறுதான் வரும்.

உப்புக் கழிவோடு வாழ்வது எப்படி என்பதை உலகில் நன்றாக அறிந்த ஊர் ஹாங்காங். குடிநீர்ப் பற்றாக்குறையால் 1950களின் இறுதியிலிருந்தே அங்கு கழிப்பறைகளில் கடல்நீரை ஊற்றுகிறார்கள். இன்று மக்கள்தொகையில் ஐந்தில் நான்கு பங்குக்கும் மேலானோர் வீட்டில் இதுதான் வழக்கம். நகரத்தின் கழிவுநீரில் பெரும்பகுதி சல்பேட் நிறைந்தது. அந்தத் தொல்லையையே ஹாங்காங் அறிவியல் தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தார் முதலாக்கிக்கொண்டார்கள். சல்பேட்டை உண்ணும் பாக்டீரியாவைக் கொண்டே கழிவைச் சுத்திகரித்து, வெளியேறும் கசடின் அளவைப் பெரிதும் குறைக்கும் 'சானி' என்ற முறையை உருவாக்கி, நிலைய அளவில் நடத்திக் காட்டினார்கள். குழாயில் கெடுதல் செய்யும் நுண்ணுயிர், தொட்டிக்குள் அடைத்தால் வேலைக்காரனாகிவிடுகிறது.

ஹைட்ரஜன் சல்பைடு கான்கிரீட்டோடு நிற்பதில்லை. 2024 ஜூன் 11 காலை, புதுச்சேரி ரெட்டியார்பாளையம் புதுநகரில் மூன்று பேர் உயிரிழந்தார்கள். வீட்டுக் கழிப்பறைக்குச் சென்ற ஒரு மூதாட்டி, அவர் மயங்கி விழுந்ததைக் கண்டு ஓடிய மகள், அதே தெருவில் இன்னொரு வீட்டில் 15 வயது மாணவி. அவர்கள் யாரும் மேன்ஹோலில் இறங்கவில்லை. பாதாளச் சாக்கடையிலிருந்து குழாய் வழியே ஏறிய விஷவாயு கழிப்பறைக்குள் நிறைந்திருந்தது. தெரு மக்கள் வெளியேற்றப்பட்டார்கள். சாக்கடை வாயுவால் தொழிலாளர்கள் இறப்பதைச் செய்தியாகக் கடந்துவிடப் பழகிய நாட்டில், வீட்டிலிருந்தவர்கள் இறந்தது பலரை உலுக்கியது. முதல் வகைச் சாவு ஏன் அதே அளவுக்கு உலுக்கவில்லை என்பது தனியாகக் கேட்க வேண்டிய கேள்வி.

இந்த வாயு எமகாதகமானது. காற்றில் பத்து கோடியில் ஒரு பங்கு இருந்தாலே மூக்கு கண்டுகொள்ளும். ஆனால் பத்து லட்சத்தில் 100 பங்கை எட்டும்போது மோப்ப நரம்பு செயலிழந்துவிடுகிறது; நாற்றம் போய்விட்டதே என்று ஆள் நிம்மதி அடைவார். 500, 700 என்று ஏறினால் மயக்கம், 1,000ஐ நெருங்கினால் ஓரிரு மூச்சில் சாவு. காற்றைவிடக் கனமானது என்பதால் குழியிலும் மூடிய அறையின் தரையிலும் தேங்கும். விழுந்தவரைத் தூக்கக் குனிபவரும் விழுவது அதனால்தான்.

இந்த வாயு வீட்டுக்குள் வருவதைத் தடுக்கும் கருவி 1775லேயே கண்டுபிடிக்கப்பட்டுவிட்டது. ஸ்காட்லாந்தில் பிறந்து லண்டனில் கடிகாரத் தொழில் செய்த அலெக்சாண்டர் கம்மிங், கழிப்பறைக் குழாயை எஸ் வடிவில் வளைத்துக் காப்புரிமை பெற்றார். வளைவில் எப்போதும் கொஞ்சம் தண்ணீர் நிற்கும். சாக்கடை வாயு அதைத் தாண்டி வர முடியாது. இன்று பிளம்பர்கள் ட்ராப் என்பது அதைத்தான். நிற்கும் தண்ணீரின் ஆழம் 50 மி.மீ. அளவே. வீட்டுக்கும் வாயுவுக்கும் நடுவே உள்ள காவல் இந்த இரண்டு அங்குலம்தான். செப்டிக் டேங்க் காலத்தில் கட்டிய வீட்டைப் பாதாளச் சாக்கடையில் இணைக்கும்போது ட்ராப் இல்லாமலேயே கோத்துவிடுவது உண்டு. ட்ராப் இருந்தும், பல வாரங்கள் புழங்காத குளியலறையில் தரைத்துளையின் தண்ணீர் ஆவியாகி வழி திறந்துவிடும். வார இறுதியில் மட்டும் ஆள் வரும் கடலோர விருந்தினர் விடுதிகளுக்கு இது குறிப்பாகப் பொருந்தும். அறைக்குள் சாக்கடை நாற்றம் என்று வரவேற்பறைக்குப் போன் போட்டால் வாசனைத் திரவம் அடிப்பார்கள். ஒரு குவளைத் தண்ணீர் ஊற்றினால் போதும்.

ஆக, கடலோரக் கழிவுநீர் அமைப்பைப் புதுப்பிப்பது என்றால் பழைய குழாயை எடுத்துவிட்டுப் புதியதைப் போடுவது என்று மட்டும் பொருள் கொள்ள முடியாது. வாயு உண்டாகும் இடம், அது வெளியேறும் வழி, வீட்டு இணைப்பு மூன்றையும் சேர்த்தே பார்க்க வேண்டும். பழைய நகரங்களில் தெருவோரம் உயரமாக நின்ற இரும்புக் காற்றோட்டக் குழாய்கள் இந்த வாயுவை ஆள் உயரத்துக்கு மேலே கொண்டுபோய் விட்டன. அழகைக் கெடுக்கிறது என்று அவற்றை அகற்றிய இடங்களில் வாயு வேறு வாசல் தேடும்.

குழாயை மாற்றும் வேலையில் முதல் சிக்கல், சாக்கடைக்கு விடுமுறை கிடையாது என்பது. குடிநீரை ஒருநாள் நிறுத்தி அறிவிப்புக் கொடுக்கலாம். கழிவுநீரை நிறுத்த முடியாது. எனவே மாற்றவேண்டிய பகுதிக்கு மேலே ஒரு மேன்ஹோலில் அடைப்பு வைத்து, மோட்டாரால் இறைத்து, தற்காலிகக் குழாய் வழியே கீழேயுள்ள மேன்ஹோலில் கொட்ட வேண்டும். மோட்டார் இரவில் நின்றுபோனால் கழிவு தெருவில்தான். இரண்டாவது சிக்கல் மணல். நீர் ஊறும் மணலில் பள்ளம் வெட்டினால் கரைகள் உள்ளே சரியும். சுற்றிலும் சிறு ஆழ்குழாய்களை வரிசையாக இறக்கி நிலத்தடி நீர்மட்டத்தைத் தாழ்த்திக்கொண்டே தோண்ட வேண்டும். இருபுறமும் இரும்புத் தகடு அடித்து மண்ணைத் தாங்க வேண்டும். நீரை அளவுமீறி இறைத்தால் பக்கத்திலுள்ள பழைய கட்டடத்தின் அடித்தளம் இறங்கும். நூறாண்டுச் சுண்ணச்சுவர்கள் நிறைந்த பிரெஞ்சுக் குடியிருப்புத் தெருவில் இந்த அச்சம் எளிதானதல்ல. காலமும் குறுகியது. அக்டோபர் முதல் டிசம்பர் வரை வடகிழக்குப் பருவமழை. ஜனவரி முதல் ஏப்ரல் வரை பங்குனி ஆமைகள் முட்டையிட வரும் பருவம், கரையில் விளக்குப் போட்டு இரவு வேலை செய்யக் கூடாது. மிச்சம் மே முதல் செப்டம்பர் வரைதான். அதிலும் கோடையில் சுற்றுலாக் கூட்டம்.

தோண்டாமலே செய்ய ஒரு வழி உண்டு. 1971இல் எரிக் வுட் என்ற பொறியாளர் லண்டனில் ஒரு பழைய சாக்கடையில் இதை முதன்முதலாகச் செய்துகாட்டினார். பிசினில் ஊறவைத்த ஃபெல்ட் துணிக் குழலை மேன்ஹோல் வழியாக நுழைத்து, சட்டைக் கையை உள்வெளியாகப் புரட்டுவதுபோல் நீரழுத்தத்தால் பழைய குழாய்க்குள் புரட்டிக்கொண்டே போவார்கள். துணி சுவரோடு ஒட்டியதும் உள்ளே வெந்நீர் விட, பிசின் இறுகிக் குழாய்க்குள் குழாயாகிவிடும். உள்விட்டம் சிறிது குறையும். ஆனால் இணைப்பே இல்லாத வழவழப்பான சுவர் என்பதால் நீர் ஓடும் வேகம் கூடும். அமிலம் கான்கிரீட்டைத் தொடாது, உவர்நீர் உள்ளே வராது. வீட்டு இணைப்புகளின் துளைகளை உள்ளிருந்தே ரோபோ வெட்டித் திறந்துவிடும். உச்சி முழுவதும் போய் உருக்குலைந்த குழாய்க்கு இது உதவாது. அங்கே கூம்பு வடிவ இரும்பு முனையைச் செலுத்திப் பழைய குழாயை நொறுக்கி விரித்து, அதன் பின்னாலேயே கனமான பாலிஎத்திலீன் குழாயை இழுத்துவிடுகிறார்கள். தொடக்க காலத்தில் போட்ட மெருகூட்டிய களிமண் குழாய்களுக்கு அமிலம் பொருட்டே இல்லை; அவற்றின் பலவீனம் இணைப்புகளில் இருக்கிறது. அவை விரிசல் விடாமல் இருந்தால் தொடாமல் விட்டுவிடுவதே நல்லது. பழையது என்ற ஒரே காரணத்துக்காக நல்ல குழாயைப் பிடுங்கும் ஒப்பந்தங்களும் நாட்டில் உண்டு.

புதுச்சேரிக் கரைக்கு இன்னொரு நெருக்கடியும் இருக்கிறது: கரையே நகர்கிறது. 1980களின் பிற்பகுதியில் துறைமுகத்துக்காகக் கடலுக்குள் அலைதடுப்புச் சுவர்கள் கட்டப்பட்டன. ஆண்டில் பெரும்பகுதி தெற்கிலிருந்து வடக்கே நகரும் மணல் அங்கே தடைப்பட்டது. தெற்கே மணல் சேர, வடக்கே நகரின் கடற்கரை கரைந்து, கருங்கல் குவியலே கரையாயிற்று. அரிப்பு அங்கே நிற்காமல் விழுப்புரம் மாவட்ட எல்லைக்குள் தந்திராயன்குப்பம், பொம்மையார்பாளையம் வரை ஏறியது. தேசியக் கடல்சார் தொழில்நுட்ப நிறுவனம் தலைமைச் செயலகத்துக்கு எதிரே கடலுக்குள் எஃகாலான ஆப்பு வடிவச் செயற்கைத் திட்டை அமைத்தபின், 2018 முதல் அங்கே மணல் திரும்பியது. அரிக்கும் கரையில் இன்று 2 மீட்டர் ஆழத்தில் புதைத்த குழாய் சில ஆண்டுகளில் அலையடிக்கும் இடத்தில் வெளியே நீட்டிக்கொண்டிருக்கக்கூடும். ஆதலால் குழாயை அதே இடத்தில் மாற்றுவதா, நிலப்பக்கம் தள்ளிப் போடுவதா என்ற முடிவுக்குக் குழாய்ப் பொறியாளரோடு கடற்கரைப் பொறியாளரும் அமர வேண்டும்.

கசிவு கடலுக்குப் போனால் என்ன என்று கேட்பவர்கள் இருக்கிறார்கள். கடல் பெரியதுதான்; உச்சிவெயில் கடல்நீரில் உள்ள மலக் கிருமிகளைச் சில மணி நேரத்தில் பெருமளவு கொன்றுவிடும் என்பதும் உண்மை. ஆனால் கரையோரமாகக் கலக்கும் கழிவு ஆழ்கடலுக்குப் போவதில்லை. அலை அதைக் கரையோடு கரையாக இழுத்துச் செல்லும். ஈரமணலுக்குள் வெயில் புகாத இடத்தில் கிருமிகள் நீரில் இருப்பதைவிட நீண்டகாலம் பிழைக்கின்றன என்று அமெரிக்கக் கடற்கரைகளிலும் ஏரிக்கரைகளிலும் நடந்த ஆய்வுகள் காட்டியுள்ளன. மணல்வீடு கட்டும் குழந்தைகள்தான் அதற்கு மிக அருகில் இருப்பவர்கள். மக்கள் குளிக்கும் கடல்நீரில் 100 மில்லிலிட்டருக்கு மலக் கோலிஃபார்ம் 100க்குள் இருக்க வேண்டும் என்பது மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் வரையறை. 2021இல் சென்னையை அடுத்த கோவளமும் புதுச்சேரி சின்ன வீராம்பட்டினத்தின் ஈடன் கடற்கரையும் 'நீலக்கொடி' சான்று பெற்றன. அந்தக் கொடி பறக்க வேண்டுமானால் குளியல் பருவம் நெடுகிலும் நீரைச் சோதித்துப் பலகையில் எழுதியாக வேண்டும்.

சிட்னி நூறாண்டு காலம் தன் கழிவைப் பாண்டை முனையின் பாறையடியில் கொட்டியது. 1880களின் இறுதியில் தொடங்கிய அந்தப் பழக்கம், கழிவைக் கடலுக்குள் சில கிலோமீட்டர் கொண்டுபோய் ஆழத்தில் விடும் சுரங்கக் குழாய்கள் 1990, 1991இல் வந்தபிறகே முடிவுக்கு வந்தது. அதோடு கதை தீரவில்லை. 2024 அக்டோபரில் அந்நகரின் கூஜி கடற்கரையில் ஆயிரக்கணக்கான கறுப்பு உருண்டைகள் ஒதுங்கின. தார் என்றுதான் முதலில் நினைத்தார்கள். நியூ சவுத் வேல்ஸ் பல்கலைக்கழக வேதியியலாளர்கள் அவற்றில் சமையல் கொழுப்பும் சோப்புக் கசடும் மனிதக் கழிவின் தடயங்களும் இருக்கக் கண்டார்கள். மும்பையில் வொர்லி, பாந்த்ரா கடல்வழிக் குழாய்கள் முறையே 3.4, 3.7 கி.மீ. நீளம்; அங்கும் இப்போது புதிய சுத்திகரிப்பு நிலையங்களை எழுப்புகிறார்கள். சிங்கப்பூர் வேறு பாதையில் போனது. நீரேற்று நிலையங்களையே கைவிடும் நோக்கத்துடன், கிராஞ்சியிலிருந்து சாங்கி வரை 48 கி.மீ. ஆழ்சுரங்கத்தைச் சரிவாகவே தோண்டி 2008இல் முடித்தார்கள். கான்கிரீட்டின் உட்புறத்தில் பாலிஎத்திலீன் உறை. வாயு கான்கிரீட்டைத் தொடவே விடுவதில்லை. திட்டமிட்ட ஆயுள் 100 ஆண்டு. விழுப்புரத்துக்கு அந்த ஆழ்சுரங்கம் கட்டுப்படியாகாது; உறை கட்டுப்படியாகும்.

தமிழ்நாட்டில் காலம் தாழ்த்தியதன் பாடம் சென்னை. அதன் பாதாளச் சாக்கடை இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் வகுக்கப்பட்டபோது, 1961இல் 6.6 லட்சம் மக்கள் இருப்பார்கள், ஒருவருக்கு நாளொன்றுக்கு 114 லிட்டர் கழிவுநீர் வரும் என்று கணித்தார்கள். 1931லேயே மக்கள்தொகை அதை நெருங்கிவிட்டது. 1961இல் 17 லட்சத்தைத் தாண்டியது. குழாய் கொள்ளாதது ஆறுகளுக்குப் போயிற்று, பக்கிங்காம் கால்வாய்க்கும் போயிற்று. அந்தக் கால்வாயின் தென்முனை எங்கே என்று சென்னைவாசிகள் பலருக்குத் தெரியாது. அது திண்டிவனத்திலிருந்து முப்பது கிலோமீட்டர் அளவில் இருக்கும் மரக்காணம். உப்பளங்களும், 2021இல் பறவைகள் சரணாலயமாக அறிவிக்கப்பட்ட கழுவெளியும் அங்கேதான்.

விழுப்புரத்தில் பாதாளச் சாக்கடை ஏற்கெனவே ஓடுகிறது. திண்டிவனத்தில் சமீப ஆண்டுகளில்தான் தெருக்களைத் தோண்டிக் குழாய் பதித்தார்கள். 2011 கணக்கெடுப்பில் விழுப்புரம் நகரத்தில் 96,253 பேர், திண்டிவனத்தில் 72,796 பேர். ஒருவருக்கு 135 லிட்டர் தண்ணீர், அதில் 80 விழுக்காடு கழிவாகத் திரும்பும் என்ற தேசிய வழிகாட்டுதலின்படி பார்த்தால், அந்த மக்கள்தொகைக்கே நாளொன்றுக்கு முறையே ஏறத்தாழ 1.04 கோடி லிட்டரும் 79 லட்சம் லிட்டரும் கணக்காகிறது. இவை உள்நாட்டு ஊர்கள், உவர்நீர்ச் சிக்கல் இல்லை. ஆனால் வெயிலும் அழுத்தக் குழாயும் இங்கேயும் உண்டு. மழையும் உண்டு. 2024 நவம்பர் 30 இரவு ஃபெஞ்சல் புயல் புதுச்சேரி அருகே கரை கடந்தபோது, திண்டிவனத்துக்கும் புதுச்சேரிக்கும் நடுவே இருக்கும் மயிலத்தில் 24 மணி நேரத்தில் 51 செ.மீ. கொட்டியது. கழிவுநீருக்கு மட்டும் அளவெடுத்த குழாய்க்குள் மேன்ஹோல் மூடி வழியாகவும், மொட்டைமாடித் தண்ணீரைச் சாக்கடையில் விடும் வீட்டு இணைப்பு வழியாகவும் அந்த மழை புகுந்தால், எதிர்த்துவருவது கழிவுதான். புதுக் குழாயாக இருப்பது இதற்கு மருந்தாகாது.

மாவட்டத்தின் உண்மையான கடற்கரை ஊர்கள், அதாவது மரக்காணமும் 2021இல் நகராட்சியான கோட்டக்குப்பமும் இடையிலுள்ள குப்பங்களும், இன்னும் பெரும்பாலும் செப்டிக் டேங்கை நம்பியிருக்கின்றன. செப்டிக் டேங்கின் நீர் இறங்க மணலில் வெட்டிய உறைகிணறு கழிவை வடிகட்டுவதில்லை. நேராக நிலத்தடி நீரில் சேர்த்துவிடுகிறது. இங்கே பெருங்குழாய் வலை ஒன்றுதான் வழி என்று எடுத்தவுடன் முடிவு செய்வதற்குமுன் பார்க்க, அருகிலேயே இரண்டு முன்மாதிரிகள் இருக்கின்றன. திண்டிவனத்திலிருந்து சென்னைக்குப் போகும் வழியில் மதுராந்தகத்தை அடுத்த கருங்குழியில், செப்டிக் டேங்க் லாரிகள் கொண்டுவரும் கசடை உலர்த்திச் சுத்திகரிக்கும் நிலையம் பேரூராட்சி அளவிலேயே இயங்குகிறது. வானூர் வட்டத்தின் ஆரோவில்லில் தொட்டி, தடுப்பறை, நாணல் வளர்ந்த சரளைப் படுகை என்று சிறு சிறு குடியிருப்புகளின் கழிவை அங்கேயே சுத்திகரித்துத் தோட்டத்துக்கு விடுகிறார்கள். கடலோரத்தில் நீண்ட அழுத்தக் குழாயைத் தவிர்க்கும் ஒவ்வொரு வழியும் வாயுவைத் தவிர்க்கும் வழி. பெருந்திட்டம் ஒன்றை எல்லா ஊருக்கும் ஒரே அச்சில் வார்ப்பது அலுவலகத்துக்கு எளிது; கரையோர மணலுக்கு அது ஒத்துவருவதில்லை.

தேசிய வழிகாட்டுதல் கழிவுநீர்க் குழாய்க்கு 30 ஆண்டும் மோட்டார்களுக்கு 15 ஆண்டும் வடிவமைப்புக் காலம் தருகிறது. திண்டிவனத்தில் இப்போது புதைத்தவற்றின் கணக்கு 2050களின் நடுவில் முடியும். மோட்டார்கள் அதற்குள் ஒருமுறை மாறியிருக்க வேண்டும். எந்தத் தெருவில் எந்தக் குழாய், எத்தனை ஆழம், எந்த ஆண்டு என்ற வரைபடம் ஒப்பந்ததாரரோடு போய்விடாமல் நகராட்சி அலுவலகத்தில் இருப்பது முதல் தேவை. அடுத்தது, அழுத்தக் குழாய் கொட்டும் மேன்ஹோல்களைப் பார்வையிடுவது. யாரும் இறங்கத் தேவையில்லை. கையால் மலம் அள்ளுவதைத் தடை செய்யும் 2013ஆம் ஆண்டுச் சட்டப்படி பாதுகாப்புக் கருவியின்றி யாரையும் இறக்கவும் கூடாது. மூடியைத் திறந்து வாயு அளவுமானியைக் கயிற்றில் இறக்கலாம். நீளக் கம்பின் நுனியில் ஒரு கேமரா, அதன் பக்கத்தில் ஈரப்படுத்திய பி.எச். தாள். தாளை மேல்சுவரில் ஒற்றி எடுத்தால் போதும். 9, 10 என்று காட்டினால் ஓராண்டு கழித்து மறுபடி பார்க்கலாம். 4க்குக் கீழே போயிருந்தால், அந்த இடத்துக்கு உறை போடும் செலவை அடுத்த நிதியாண்டின் மதிப்பீட்டிலேயே சேர்த்துவிட வேண்டும்.